ஒரு கண்ணை எடுக்கச் சொல்கிறார்கள், மறு கண்ணைக் காப்பாற்றலாம் என்கிறார்கள்

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். நான் பர்மாவின் பெகுவில் உளுந்து, பருப்பு வாங்கி விற்கும் சிறு வியாபாரி. என் தங்கை மகளுக்கு 20 மாதம் ஆகிறது. என் மடியில் வைத்து அவளுக்குக் காது குத்திய அன்று எடுத்த போட்டோவில் வலது கண் சிவப்பாகவும் இடது கண் வெள்ளையாகவும் விழுந்திருந்தது. ஃபோன் கோளாறு என்று விட்டுவிட்டோம். அப்புறம் அந்தக் கண் மூக்குப் பக்கம் திரும்ப ஆரம்பித்தது. பக்கத்தில் காட்டி மூன்று மாதம் சொட்டு மருந்து போட்டோம். கண் பெரிதாகிச் சிவந்த பிறகுதான் யாங்கோனுக்குக் கொண்டுபோனோம். மயக்கம் கொடுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு கண்ணிலும் விழித்திரைப் புற்று என்கிறார்கள். இடது கண் 'ஈ' பிரிவாம், எடுத்துவிட வேண்டுமாம். வலது கண்ணில் இரண்டு சிறு கட்டிகள், 'பி' பிரிவு. ஆறு முறை கீமோவும் லேசரும் கொடுத்துக் காப்பாற்றலாமாம். எம்.ஆர்.ஐ.யில் நரம்பிலும் மூளையிலும் ஒன்றுமில்லை. ஆனால் சதை எடுத்துச் சோதிக்கவே இல்லை, எப்படி நம்புவது? சென்னையில் இருக்கும் சின்னம்மா, தொடை வழியாகக் குழாய் விட்டுக் கண்ணுக்கே மருந்து கொடுப்பார்கள், கண்ணை எடுக்க வேண்டியதில்லை என்கிறார். அதற்காகக் கடையை விற்கவும் தயார். அம்மா பீலிக்கான் கோயில் தீமிதிக்கு நேர்ந்துகொண்டு, ஏழு வாரம் பொறுங்கள் என்கிறார். பெண் பிள்ளையாயிற்றே, நாளைக்கு யார் கட்டுவார்கள் என்று அழுகிறார். தங்கை இப்போது ஐந்து மாதக் கர்ப்பம். இந்தப் பிள்ளை வயிற்றில் இருந்தபோது கிரகணத்தன்று வெளியே போனதால்தான் இப்படி என்று மாப்பிள்ளை வீட்டில் பேசுகிறார்கள். பிள்ளை ஆறரை வீசை இருக்கிறாள், நன்றாக விளையாடுகிறாள். என்ன செய்யட்டும்?

பதில்:

தம்பி, முதலில் நாள் கணக்கைப் பேசிவிடுவோம். இடது கண் அறுவைக்கு அவர்கள் எந்தத் தேதி கொடுத்தாலும் அதில் மிக அருகில் உள்ளதை வாங்கிக்கொள்ளுங்கள். ஏழு வாரம் பொறுக்க முடியாது. ஏன் என்பதைத்தான் கீழே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும். தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டுங்கள்.

காதுகுத்துப் போட்டோவை அழித்துவிடாதீர்கள். ஃபிளாஷ் வெளிச்சம் நல்ல கண்ணுக்குள் போனால் விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் ரத்தத்தில் பட்டுச் சிவப்பாகத் திரும்பும். வழியில் வெள்ளைக் கட்டி நின்றால் வெள்ளையாகத் திரும்பும். வெள்ளையாக விழுந்த படமெல்லாம் புற்று ஆகாது. பிறவிப் புரை இருந்தாலும் அப்படி விழும். பிள்ளை ஓரமாகப் பார்த்த நேரத்தில் எடுத்தால் நல்ல கண்ணிலும் விழும். ஆனால் எது என்று கண்டு சொல்வது வீட்டில் இருப்பவர்கள் வேலை இல்லை. மாறுகண் இதன் இரண்டாவது அடையாளம். மாறுகண்ணோடு வந்த பிள்ளையின் கண் பாவையை மருந்து போட்டு விரித்து, உள்ளே பார்க்காமல் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தது தவறு. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம்தான், என் தொழிலாயிற்றே. நானும் இளம் டாக்டராக இருந்தபோது, கண்ணைத் திறக்கவிடாமல் வீறிட்டு அழுத ஒரு பையனை அடுத்த மாதம் கூட்டிவரச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவன் நான்கு மாதம் கழித்து வந்தான். கண் முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. அதற்கப்புறம் அழுகிற பிள்ளையைப் பார்க்காமல் திருப்பி அனுப்பியதில்லை.

சதை எடுத்துச் சோதிக்காதது உங்களுக்கு உறுத்துகிறது. நியாயம்தான். மூட்டை உளுந்தை வாங்குமுன் ஊசிக்குழாயைச் செருகி நாலு மணி எடுத்துப் பார்ப்பவர் நீங்கள். பெரும்பாலான மற்ற புற்றுகளில் டாக்டர்களும் அதைத்தான் செய்வோம். இந்தப் புற்றில் செய்ய மாட்டோம். கண் உருண்டை மூடிய பை. அதில் ஊசி குத்திச் சதை எடுத்தால் ஊசி வந்த வழியே புற்றணு வெளியே சிந்தும்; கண்ணோடு நின்றிருந்த நோய் கண்குழிக்கு வந்துவிடும். அதனால் கண்ணால் பார்த்தே முடிவு செய்கிறோம். மயக்கத்தில் தூங்கும் பிள்ளையின் இமையை மெல்லிய கம்பிக் கவ்வியால் விரித்து, தலையில் மாட்டிய விளக்கோடு விழித்திரையை ஓரம்வரை தேடுவோம். ஸ்கேன் வைத்தால் கட்டிக்குள் சுண்ணாம்புத் துகள் பளிச்சென்று தெரியும். இந்த வயதுப் பிள்ளையின் கண்ணில் வெள்ளைக் கட்டி, அதற்குள் சுண்ணாம்பு, அதுவும் இரண்டு கண்ணிலும் என்றால் பழகிய டாக்டருக்குச் சந்தேகம் வராது. இடது கண்ணை எடுத்ததும் அது முழுதாகச் சோதனைக்குப் போகும். நீங்கள் கேட்ட சதைச் சோதனை அப்போது நடக்கும், பாதுகாப்பாக.

இனி அந்த எழுத்துகள். கண்ணுக்குள்ளேயே இருக்கும் விழித்திரைப் புற்றை 'ஏ' முதல் 'ஈ' வரை பிரிக்கிறோம். மூன்று மில்லிமீட்டருக்குள் அடங்கி, பார்வையின் நடுப்புள்ளிக்கும் நரம்புக்கும் தள்ளி இருந்தால் 'ஏ'. அதைவிடப் பெரிதாகவோ நடுவுக்கு அருகிலோ இருந்து, உதிராமல் இருந்தால் 'பி'. கட்டி உதிர்ந்து விதை மாதிரி கண்ணுக்குள் மிதக்கத் தொடங்கினால் 'சி', அது கண் முழுக்கப் பரவினால் 'டி'. உள்ளழுத்தம் ஏறி, கண் பெருத்து, கட்டி கண்ணையே நிரப்பிப் பாழாக்கிவிட்டால் 'ஈ'. கண் பெரிதாகிச் சிவந்தது என்று நீங்கள் எழுதிய ஒரு வரி போதும், இடது கண் ஏன் 'ஈ' ஆனது என்று எனக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கண்ணில் பார்வை இனி வராது.

உங்கள் கடிதத்தில் கேட்காமல் கேட்ட சந்தேகம் ஒன்று இருக்கிறது: இடதிலிருந்துதான் வலதுக்குப் பரவியதா? இல்லை. வலது கண்ணில் இருப்பவை அங்கேயே முளைத்தவை. ஆகவே இடது கண்ணை எடுத்தால் வலது கண் தானாகக் குணமாகிவிடாது. எடுக்காமல் வைத்திருந்தாலும் வலது கண்ணுக்கு ஒரு நன்மையும் இல்லை. இடது கண்ணில் இருக்கும் ஆபத்து வேறு. பார்வை நரம்பு என்பது கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நேர் வழி. இன்றைக்கு எம்.ஆர்.ஐ.யில் நரம்பு தடிக்கவில்லை. ஏழு வாரம் கழித்தும் அதையே சொல்ல முடியும் என்று யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். நரம்பைத் தாண்டிவிட்டால் அப்புறம் இரண்டு கண் பேச்சும் போய் உயிர்ப் பேச்சு ஆகிவிடும்.

2017இல் 153 நாடுகளில் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட 4,351 குழந்தைகளின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தார்கள். பணக்கார நாடுகளில் நோய் தெரிந்த நடு வயது 14 மாதம், ஏழை நாடுகளில் 30 மாதத்துக்கும் மேல். ஏழை நாடுகளில் ஏறக்குறையப் பாதிப் பிள்ளைகளுக்கு, வந்து சேரும்போதே நோய் கண்ணைத் தாண்டியிருந்தது. பின்னால் தொடர்ந்து பார்த்தபோது, மூன்று ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் பணக்கார நாடுகளில் நூற்றுக்கு 99க்கும் மேல், மிக ஏழை நாடுகளில் 57. மருந்தில் உள்ள வித்தியாசமும் ஒரு காரணம்தான். ஆனால் அந்தப் பதினாறு மாதத்தைப் பாருங்கள், தம்பி. நேர்த்திக்கடன், சொட்டு மருந்து, இன்னொரு ஊர் டாக்டர், பணம் புரட்டுவது எல்லாம் அதற்குள்தான் அடங்கியிருக்கிறது.

சரி, சின்னம்மா சொன்ன தொடைவழிச் சிகிச்சைக்கு வருவோம். அவர் சொன்னது பொய்யில்லை, நல்ல சிகிச்சை அது. 1980களில் ஜப்பான் டாக்டர்கள் கண்ணுக்குப் போகும் ரத்தக்குழாய்ப் பக்கமாக மருந்தைத் திருப்பிவிடும் வழியைக் கொண்டுவந்தார்கள். 2006இல் நியூயார்க்கில் அதை மாற்றி, தொடை இடுக்கின் ரத்தக்குழாயில் நூல் போன்ற குழாயை நுழைத்து, கழுத்து வழியாக ஏற்றி, கண்ணுக்குப் போகும் குழாயின் வாசலிலேயே நிறுத்திச் சில மில்லிகிராம் மெல்ஃபலான் மருந்தைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தார்கள். மருந்து உடம்பெல்லாம் சுற்றாமல் கண்ணுக்கே போகிறது. முன்பு எடுத்தே ஆக வேண்டும் என்றிருந்த 'டி' பிரிவுக் கண்கள் பலவும் இதனால் நிலைத்திருக்கின்றன. ஆனால் இது கண்ணுக்குள் இருக்கும் நோயைத்தான் தொடும். கண்ணைவிட்டு நழுவிய ஒரு புற்றணுவைக்கூடத் தொடாது. உங்கள் பிள்ளையின் இடது கண் போன்ற கண்ணில் நழுவியிருக்கிறதா என்று கண்ணை எடுத்து, நரம்பின் வெட்டுமுனையைச் சோதித்தால்தான் தெரியும். கண்ணை வைத்துக்கொண்டு இந்தச் சிகிச்சை கொடுத்தால் அந்தச் சேதி நமக்குக் கிடைக்காமலே போகும். பெருத்துப் போன, பார்வை இல்லாத கண்ணுக்காக அந்த ஆபத்தை நான் எடுக்கச் சொல்ல மாட்டேன். என் சொந்தப் பேத்தியாக இருந்தாலும் இதைத்தான் சொல்வேன்.

கண் காக்கும் சிகிச்சை என்று நாங்கள் சொல்லும்போது வரிசை ஒன்று உண்டு: முதலில் உயிர், அப்புறம் கண், அப்புறம் பார்வை. உங்கள் வீட்டில் எல்லோரும் இடது கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். காப்பாற்ற வேண்டிய கண் வலது கண். அவள் பள்ளிக்கூடம் போவதும் சைக்கிள் ஓட்டுவதும் அந்தக் கண்ணால்தான். ஒரு கண்ணில் நல்ல பார்வை இருந்தால் எல்லாப் படிப்பும் படிக்கலாம்.

அந்தக் கண்ணுக்கு அவர்கள் சொன்ன திட்டம் சரியானது. வின்கிரிஸ்டின், எட்டோபொசைடு, கார்போபிளாட்டின் என்ற மூன்று மருந்துகளையும் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஊசி வழியாக ஏற்றுவார்கள். இது கட்டியைச் சுருக்கும், முற்றாகக் கொல்லாது. மிச்சத்தை முடிக்க, ஒவ்வொரு முறையும் மயக்கத்தில் கண்ணைப் பார்த்து லேசர் வைப்பார்கள். கட்டி விழித்திரையின் முன் ஓரத்தில் இருந்தால் வெளிப்பக்கமிருந்து உறையவைத்துச் சாகடிப்பார்கள். லேசரை மெதுவாகத்தான் வைப்போம். வெளிச்சப்புள்ளி கட்டியின் மேல் நின்று கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற, சாம்பல் நிறமாகி வெளிறி வரும். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் கட்டி உடைந்து உதிரும். நாலைந்து தடவைக்கப்புறம் பார்த்தால் வெற்றிலைப் பெட்டியில் காய்ந்துபோன சுண்ணாம்பு மாதிரி கட்டியாகிக் கிடக்கும். அந்தக் காட்சியைப் பார்க்கும் நாளில் எங்களுக்கு டீ இனிக்கும்.

ஆறரை வீசை என்று எழுதியிருக்கிறீர்கள். வார்டில் கிலோவில் சொல்லுங்கள், சுமார் பத்தரைக் கிலோ. இந்த வயதில் கீமோ அளவை எடை பார்த்தே கணக்கிடுகிறார்கள்; ஒவ்வொரு முறையும் புதிதாக நிறுக்கச் சொல்லிக் கேளுங்கள், தராசில் கண் வைப்பது உங்களுக்குப் பழக்கம்தானே. முடி கொட்டும், திரும்ப முளைக்கும். மலச்சிக்கல் வரும். கார்போபிளாட்டின் சில பிள்ளைகளுக்குக் காதைக் குறைக்கும், அதனால் கேட்கும் திறனைச் சோதிக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம் காய்ச்சல். மருந்து ஏறிய இரண்டாவது வாரத்தில், ரத்தத்தில் நோயை எதிர்க்கும் வெள்ளணு இறங்கிக் கிடக்கும். 100.4 டிகிரி காட்டினால் வீட்டில் மாத்திரை கொடுத்துவிட்டு விடியட்டும் என்று உட்காராதீர்கள். பெகுவிலிருந்து யாங்கோன் 50 மைல். நள்ளிரவில் யார் கார் வரும் என்பதை இன்றைக்கே பேசி வையுங்கள். கீமோ நடக்கும் வரை, அந்த டாக்டரைக் கேட்காமல் எந்தத் தடுப்பூசியும் போட வேண்டாம்.

இரண்டு மூன்று சுற்று முடிந்தும் வலது கண் கட்டி அடங்கவில்லை, அல்லது விதை உதிரத் தொடங்கிவிட்டது என்றால் அப்போது சென்னைக்குப் போகலாம். தொடைவழிச் சிகிச்சைக்கு உரிய நேரம் அதுதான். மிதக்கும் விதைகளுக்குக் கண்ணுக்குள்ளேயே மெல்ஃபலான் ஊசி போடும் முறையும் இருக்கிறது. ஊசி குத்தவே கூடாது என்றீர்களே என்று கேட்பீர்கள்! குத்தும் இடத்தில் கட்டி இல்லை என்று ஸ்கேனில் உறுதி செய்து, கண்ணின் அழுத்தத்தைக் குறைத்து, ஊசியை உருவும்போதே அந்தத் துளையை உறையவைத்து மூடுகிறார்கள். பழகிய கை வேண்டும். சென்னை சங்கர நேத்ராலயாவிலும் மதுரை அரவிந்த் மருத்துவமனையிலும் கண் புற்றுக்கென்றே டாக்டர்கள் இருக்கிறார்கள், தமிழிலேயே பேசலாம். இப்போது செய்ய வேண்டியது, எம்.ஆர்.ஐ. தட்டும் கண்ணுக்குள் எடுத்த படங்களும் ஒரு பிரதி வாங்கி வைப்பது, பிள்ளைக்கும் ஒரு பெரியவருக்கும் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடுவது. இன்னொரு டாக்டர் கருத்து வேண்டுமானால் படங்களை அனுப்பிக் கேளுங்கள், பிள்ளையை அலைக்கழிக்காதீர்கள். கடையை விற்க வேண்டாம். இந்த நோய்க்குப் பல வருடம் செலவு இருக்கிறது, வருமானம் வேண்டும்.

உங்கள் அம்மாவுக்கு ஒரு வார்த்தை. கண்ணை எடுத்தால் குழி விழுந்த முகமாகிவிடும் என்று நினைக்கிறார் போலிருக்கிறது. பழைய காலத்தில் அப்படித்தான் இருந்தது. இப்போது கண்ணை எடுத்த அதே மேசையில், அந்த இடத்தில் ஒரு உருண்டையை வைத்துக் கண்ணை அசைக்கும் தசைகளை அதன்மேல் தைத்துவிடுகிறோம். ஆறு வாரம் போல ஆனதும், வலது கண்ணின் நிறத்தைப் பார்த்து வரைந்த மெல்லிய செயற்கைக் கண்ணை இமைக்குள் பொருத்துவார்கள். ஓரளவு அசையவும் செய்யும். பிள்ளை வளர வளர மாற்ற வேண்டும். கழற்றிக் கழுவி மாட்டுவதை அம்மாவே கற்றுக்கொள்ளட்டும். பாட்டிமார்தான் இதில் கைதேர்ந்தவர்கள் ஆகிறார்கள், நான் பார்த்திருக்கிறேன். யார் கட்டுவார்கள் என்ற கேள்விக்கு, 20 மாதக் குழந்தையை வைத்துக்கொண்டு, நான் பதில் சொல்வதாக இல்லை.

கிரகணப் பேச்சை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். நம் உடம்பின் ஒவ்வொரு உயிரணுவிலும் 13ஆம் குரோமோசோமில் ஆர்.பி.1 என்றொரு மரபணு ஜோடி இருக்கிறது. கடைக்கு இரண்டு பூட்டுப் போட்ட மாதிரி. ஒன்று உடைந்தாலும் இன்னொன்று காக்கும். இரண்டும் உடைந்தால் விழித்திரை அணு கட்டுமீறி வளரும். இதை 1971இல் நுட்சன் என்ற அமெரிக்க டாக்டர் கணக்குப் போட்டே கண்டுபிடித்தார், மரபணு கைக்குக் கிடைத்ததெல்லாம் அப்புறம். இரண்டு கண்ணிலும் வந்த பிள்ளைகளுக்குப் பிறக்கும்போதே எல்லா அணுவிலும் ஒரு பூட்டு உடைந்திருக்கும். பெரும்பாலும் அது புதிதாக, யாருடைய செயலுமில்லாமல் நேர்வது. சில வீடுகளில் அப்பாவிடமோ அம்மாவிடமோ இருந்து வரும். அதனால் தங்கையும் மாப்பிள்ளையும் பாவையை விரித்துக் கண்ணைக் காட்ட வேண்டும். சின்ன வயதில் வந்து தானாகவே அடங்கிய கட்டியின் தழும்போடு, தெரியாமலே வாழ்ந்துகொண்டிருப்பவர்கள் உண்டு. உங்கள் பிள்ளைகள் கண்ணையும் ஒருமுறை காட்டிவிடுங்கள், தாய்மாமனே.

வயிற்றில் இருக்கும் குழந்தை பிறந்த முதல் வாரத்திலேயே கண்ணைப் பார்க்க வேண்டும், அப்புறம் டாக்டர் சொல்லும் இடைவெளியில். பெற்றோர் கண் சுத்தமாக இருந்தால் அந்தக் குழந்தைக்கு அபாயம் மிகக் குறைவு, ஆனாலும் பார்க்காமல் விடக் கூடாது. இன்னொன்று, கீமோ மருந்து பிள்ளையின் மூத்திரத்தில் வெளியேறும். மருந்து ஏறிய அன்றும் அடுத்த இரண்டு மூன்று நாளும் துணி மாற்றுவது, துவைப்பது எதுவும் தங்கை செய்யக் கூடாது. கையுறை போட்டுக்கொண்டு மாப்பிள்ளை செய்யட்டும். கிரகணம் பேசுகிற வீட்டில் கொஞ்சம் வேலையும் இருக்கட்டுமே.

சிகிச்சை முடிந்த பிறகும் ஏழு வயது வரையாவது கண்ணைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். முதலில் மாதம் ஒருமுறை, பிறகு இடைவெளி கூடும். வீட்டுக்குள்ளும் உடையாத பிளாஸ்டிக் கண்ணாடி போட்டே பழக்குங்கள், ஒற்றைக் கண்ணில் அடி படக் கூடாது. அவசியமில்லாமல் சி.டி. ஸ்கேன் எடுக்கவிடாதீர்கள். உடைந்த பூட்டோடு பிறந்த பிள்ளைக்குக் கதிர் ஆகாது. வளர்ந்த பிறகு எலும்பிலோ தசையிலோ வீக்கம் வந்தால் சுளுக்கு என்று எண்ணெய் தேய்க்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். அவளுக்குக் குழந்தை பிறக்கும் காலத்தில் அந்தக் குழந்தைக்கும் இது வர ஏறக்குறையப் பாதி வாய்ப்பு உண்டு என்பதை அவளிடமே அன்று சொல்ல வேண்டும். இந்தக் காகிதங்களைப் பத்திரமாக வையுங்கள்.

பீலிக்கான் நேர்த்தியை அம்மா விட வேண்டியதில்லை. தீமிதி வரும்போது அறுவை முடிந்து, முதல் கீமோவும் முடிந்திருக்கும். அன்றைக்குப் பிள்ளையின் வெள்ளணு எப்படி இருக்கிறதோ, கூட்டத்துக்குள் அவளைக் கொண்டுபோகாதீர்கள். அம்மா போய்வரட்டும்.

அறுவை நாளில் மயக்கத்துக்கு ஆறு மணி நேரம் முன்பிருந்து சோறும் பாலும் கிடையாது. தாய்ப்பால் இன்னும் குடிக்கிறாள் என்றால் நாலு மணி நேரம் முன்பு வரை கொடுக்கலாம். அழுகிறாள் என்று பாட்டி பிஸ்கட் கொடுத்துவிட்டு மறைக்கக் கூடாது, புரையேறினால் ஆபத்து. காதில் போட்டிருக்கும் புதுத் தோட்டைக் கழற்றிவிடுங்கள். கன்னத்தில் தனக்கா (மரப்பட்டை அரைத்த பூச்சு) பூசாமல் கூட்டிவாருங்கள். மயக்க டாக்டர் முகத்தின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அதன்மேல் பிளாஸ்திரியும் ஒட்டாது.